நொறுங்கும் மைக்கா: ஆற்றங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவையாற்றில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் படித்துறையில் உட்கார வைத்து, கல்லும் மண்ணும் காட்டிப் பேசுவது என் வழக்கம். கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து மார்கரைட் என்ற நொறுங்கும் மைக்கா வகைக் கனிமத்தில் ஒரு துண்டு அனுப்பினான். அதைப் பிள்ளைகளிடம் காட்டிய நாளிலிருந்து பெற்றோர், விவசாயிகள், கொத்தனார், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் ஒரே மாதிரிச் சந்தேகங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

"டீச்சர், ஆத்து மணல்ல மினுமினுன்னு இருக்கே, அது தங்கப்பொடியா?"

தங்கம் இல்லை, கண்ணு. அதற்கு நம் ஊரில் காக்காப்பொன் என்று பெயர். கடையில் மைக்கா என்பார்கள், வைத்தியர்கள் அப்பிரகம் என்பார்கள். பொன்னிறமாகவோ பழுப்பாகவோ மின்னினால் பெரும்பாலும் பயோடைட் என்ற கருமைக்கா, வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் வெளுத்தது. கண்ணாடிபோல் வெள்ளையாக இருந்தால் மஸ்கோவைட்.

தண்ணீர் வடிந்த மறுநாள் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். கரையோரச் சேற்றின் மேல்தான் காக்காப்பொன் அதிகம் படிந்திருக்கும், நடு ஆற்றுப் பருமணலில் குறைவாக இருக்கும். தகடாக இருப்பதால் அது தண்ணீரில் இலைபோல் ஆடி ஆடி மெதுவாகத்தான் இறங்கும். வேகம் குறைந்த இடம் வந்தால்தான் தரை தட்டும். தங்கமாக இருந்தால் முதலிலேயே அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

"நொறுங்குற மைக்கான்னு தனியா ஒண்ணா? மைக்காவே தொட்டா உதிரத்தானே செய்யுது?"

உதிர்வது வேறு, ஒடிவது வேறு. சாதாரண மைக்காவில் நகத்தை நுழைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். பிரித்த ஏட்டை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால், ‘சட்’டென்று நிமிர்ந்து பழைய நிலைக்கு வரும். பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து உள்ளேயிருக்கும் மைக்காத் தகட்டைத் தொட்டவர்களுக்கு இது தெரியும்.

நொறுங்கும் மைக்காவிலும் ஏடுகள் உண்டு. ஆனால் எளிதில் பிரியாது. பிரித்தாலும் வளையாது, வளைக்கப் போனால் ஒடியும். என்னிடமுள்ள மார்கரைட் துண்டின் ஓரத்திலிருந்து ஓர் ஏட்டை இடுக்கியால் எடுத்து ஒரு பையனிடம் கொடுத்தேன். மெல்ல வளைத்தான். அரைக்கால் அங்குலம்கூட வளையவில்லை. ‘டிக்’ என்று சின்னச் சத்தம், கையில் இரண்டு துண்டு. பக்கத்தில் நெல்லூர் மஸ்கோவைட் ஏட்டைக் கொடுத்தேன். அதை விரலைச் சுற்றியே வளைத்துப் பார்த்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் மைக்காதான். இந்த வித்தியாசத்தைக் கையால் உணர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் மார்கரைட், கிளின்டோனைட், ஆனந்தைட், பிட்டியைட், கினோஷிடலைட் என்று சில பேர் உண்டு. இங்கே பெரும்பாலும் மார்கரைட்டைப் பற்றியே பேசுகிறேன், கூட்டத்தில் பரவலாகக் கிடைப்பது அதுதான்.

"அது ஏன் வளையாம ஒடியுது?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மைக்கா எதுவானாலும் உள்ளமைப்பு ஒன்றுதான். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கோத்துக்கொண்டு மெல்லிய விரிப்புகளாக இருக்கும். அந்த விரிப்புகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்க நடுவே நேர்மின்சுமை ஏறிய அணுக்கள், அதாவது அயனிகள், உட்கார்ந்திருக்கும். மஸ்கோவைட்டின் விரிப்பில் சிலிக்கான் உட்காரக்கூடிய நான்கு இடத்துக்கு ஓர் அலுமினியம், மூன்று சிலிக்கான். அதனால் விரிப்பின் சுமை ஒன்று. அதை ஈடுகட்டும் பொட்டாசியத்துக்கும் ஒரே சுமை. பிடிப்பு லேசானது.

மார்கரைட்டில் அதே நான்கு இடத்தில் இரண்டு அலுமினியம், இரண்டு சிலிக்கான். விரிப்பின் சுமை இரண்டாகிவிடுகிறது. பொட்டாசியத்தின் இடத்தில் இரட்டைச் சுமை உள்ள கால்சியம் வந்து உட்காருகிறது. கால்சியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியதும்கூட. சுமையும் கூடுதல், இடைவெளியும் குறைவு என்பதால் விரிப்புகள் நெருங்கி இறுகிக்கொள்கின்றன. ஒரு விரிப்பிலிருந்து அடுத்த விரிப்புக்கு உள்ள தூரம் மஸ்கோவைட்டில் சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), மார்கரைட்டில் சுமார் 9.6. எழுதும்போது அற்ப வித்தியாசம், கையில் எடுத்தால் வளைவதற்கும் ஒடிவதற்கும் உள்ள வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு நான் வெற்றிலையை வைத்துச் சொல்வேன். கவுளி வெற்றிலையில் இலைகளுக்கு நடுவே ஈரம் மட்டும்தான் இருக்கிறது. கட்டை வளைத்தால் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொடுத்து வளையும். அதே இலைகளுக்கு நடுவே சுண்ணாம்பைத் தடவி அடுக்கிக் காயவிடுங்கள். பிறகு வளைத்தால் பொருக்கு வெடித்து உடையும். சுண்ணாம்பு என்பதும் கால்சியம்தான். கனிமத்துக்குள் பசைபோல் எதுவும் கிடையாது, ஒற்றை வரிசை அயனிகள்தான். ஆனாலும் காரியம் அதே காரியம்.

"மார்கரைட்னா மார்கரெட் அம்மா பேரா?"

இல்லை. கிரேக்க மொழியில் ‘மார்கரிட்டேஸ்’ என்றால் முத்து. மார்கரெட் என்ற பெண் பெயருக்கும் வேர் அதுதான். அதனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஏட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்தால் முத்துச்சிப்பியின் உட்புறம்போல் பால் கலந்த மினுமினுப்புத் தெரியும். இளஞ்சிவப்பு, சாம்பல், வெளிர்மஞ்சள், வெள்ளை நிறங்களில் வரும். என்னிடமுள்ளது லேசான ரோஜா நிறம்.

"வீட்ல வச்சே கண்டுபிடிக்க வழி இருக்கா?"

உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். ஆனால் எது இல்லை என்பதை வீட்டிலேயே தள்ளிவிடலாம். முதலில் மேலே சொன்ன வளைத்துப் பார்க்கும் சோதனை. வளைந்து நிமிர்ந்தால் சாதாரண மைக்கா. வளைந்து அப்படியே கோணலாக நின்றுவிட்டால் குளோரைட் அல்லது டால்க். ஒடிந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அடுத்தது கீறல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் நகத்தின் கடினம் சுமார் 2.5, செப்புக் கம்பி சுமார் 3, பேனாக்கத்தி சுமார் 5.5. இப்போது புழங்கும் நாணயங்களில் பெரும்பாலானவை எஃகு, அவற்றை எடுக்காதீர்கள். வயர்மேன் வெட்டிப் போட்ட செப்புக் கம்பித் துண்டு போதும். மஸ்கோவைட்டின் ஏட்டு முகம் 2 முதல் 2.5 வரை, நகமே கோடு போடும். மார்கரைட் 3.5 முதல் 4.5 வரை. நகமும் செப்பும் தோற்கும், கத்தி கீறும்.

மூன்றாவது கனம். மார்கரைட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, 3.0-ஐ ஒட்டி, மஸ்கோவைட்டுக்குச் சுமார் 2.8. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. தராசில் ஒரு முறை சும்மாவும், நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு ஒரு முறையும் நிறுத்தால் கணக்கு வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நகைக்கடைச் சின்னத் தராசில் செய்து 3.02 என்று விடை கொண்டுவந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"காரைப் பக்கம் டூர் போனப்ப பளபளன்னு தகடு எடுத்தேன். ஒடியுது. மார்கரைட்டா?"

பெரம்பலூர் பக்கத்துக் காரையிலா? அப்படியானால் அது ஜிப்சம். அங்குள்ள களிமண் மேடுகளில் ஜிப்சம் பாளம் பாளமாகக் கிடக்கிறது. அதுவும் தகடாகப் பிரியும், ஓரளவு முத்து மினுமினுப்பும் காட்டும், ஒடியவும் செய்யும். நகத்தால் ஒரு கோடு போடுங்கள். ஜிப்சத்தின் கடினம் 2 என்பதால் உடனே வெள்ளைக் கோடு விழும். வளைக்கும் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்பதால்தான் முந்தைய பதிலில் கீறலையும் சேர்த்துச் சொன்னேன்.

"இது பூமிக்குள்ள எப்படி உண்டாகுது?"

மூன்று பொருள் ஒன்றுசேர வேண்டும். அலுமினியம் தாராளமாக, கால்சியம் போதுமான அளவு, கூடவே தண்ணீர். எடைக் கணக்கில் பார்த்தால் மார்கரைட்டில் பாதிக்கு மேல், சுமார் 51 சதவீதம், அலுமினிய ஆக்சைடு. சிலிக்கா 30, கால்சியம் ஆக்சைடு 14, தண்ணீர் 4.5 சதவீதம். இவ்வளவு அலுமினியம் உள்ள பாறை எங்கும் கிடைக்காது. மழையில் கரைந்து கரைந்து அலுமினியம் மட்டும் மிஞ்சிய பாக்சைட் மண், அல்லது களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்து படிந்த பழைய சேறு, மலை எழும்பும் காலத்தில் 10, 20 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, 400 முதல் 600 டிகிரி சூட்டில் வெந்தால் மார்கரைட் பிறக்கும். இதை உருமாற்றம் என்கிறோம். ஆல்ப்ஸ் மலையில் சுண்ணாம்பு கலந்த கருஞ்சேற்றுப் பாறைகளில் இது இப்படித்தான் உண்டாகியிருக்கிறது.

இன்னொரு வழி பின்னோக்கியது. முன்பே அதிக சூட்டில் உண்டான குருந்தக் கல், பாறை ஆறும்போது விரிசல் வழியே வந்த தண்ணீரைச் சந்திக்கிறது. பக்கத்தில் அனார்தைட் என்ற கால்சியம் நிறைந்த ஃபெல்ஸ்பார் இருக்கிறது. குருந்தம், அனார்தைட், தண்ணீர் மூன்றும் கூடினால் அணுக்கணக்கு பிசகாமல் மார்கரைட் வந்துவிடும். குருந்தப் படிகத்தைச் சுற்றிப் பனங்கிழங்குத் தோல்போல ஒரு முத்துநிறப் பட்டை இருந்தால், அது பெரும்பாலும் இப்படி உண்டானதே.

சிலிக்காவே கல்லான குவார்ட்ஸ் கூட இருந்தால் மார்கரைட்டுக்கு ஆயுசு குறைவு. சூடு ஏறும்போது சிலிக்காவோடு வினைபுரிந்து சீக்கிரமே அனார்தைட்டாகவும் கயனைட் போன்ற கனிமமாகவும் பிரிந்துவிடும். அதனால் சிலிக்கா பஞ்சமாக உள்ள பாறைதான் அதற்குப் பிறந்த வீடு.

"குருந்தம்னு தமிழ்லயே சொல்றீங்களே, இங்கிலீஷ்ல என்ன?"

கொரண்டம். நம்முடைய குருந்தம் என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆனது. உலகத்தின் கனிமப் பட்டியலில் தமிழிலிருந்து போன பெயர் இது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், அழுக்கு நிறத்தில் இருந்தால் சாணைக்கு. தெருவில் சாணை பிடிக்க வருபவரின் பழைய சக்கரம் அரக்கில் குருந்தப் பொடியைக் குழைத்துச் செய்தது.

குருந்தத்துக்கும் மார்கரைட்டுக்கும் உள்ள உறவை வைத்து ஒரு சுரங்கமே அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊர். அங்கே ஒரு கருங்கல்லை இரும்புத்தாது என்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் ஜாக்சன் என்ற நிலவியலாளர் அங்கிருந்து வந்த கற்களில் மார்கரைட்டைப் பார்த்தார். துருக்கிப் பக்கத்தில் எமரி என்ற சாணைக்கல் கிடைக்கும் இடங்களில் மார்கரைட்டும் கூடவே இருப்பதை லாரன்ஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் முன்பே எழுதியிருந்தார். மார்கரைட் இருந்தால் எமரியும் இருக்க வேண்டும் என்று ஜாக்சன் சொல்லிவைத்தார். 1864-இல் பார்த்தபோது, இரும்புத்தாது என்று நினைத்து வெட்டியதே எமரிதான். எமரி என்பது குருந்தமும் மேக்னடைட் என்ற இரும்புத்தாதும் கலந்த கல். என் மாணவன் அனுப்பிய துண்டும் அந்தச் செஸ்டரிலிருந்து வந்ததே.

"நம்ம பக்கம் கிடைக்குமா? எங்க போய்த் தேடலாம்?"

டெல்டாவுக்குள் தேட வேண்டாம். இங்கே தோண்டத் தோண்ட வண்டலும் மணலும் களியும்தான். பாறை என்று கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வெளியிலிருந்து வந்தது. பெரிய கோயிலின் கல்லும் அப்படி வந்ததே.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அங்கே அனார்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை இருக்கிறது. சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணைச் செய்ய இஸ்ரோ அந்தப் பக்கத்துக் கல்லைத்தான் எடுத்தது. அந்தப் பாறையில் கால்சியம் நிறைந்த ஃபெல்ஸ்பாரும் இருக்கிறது, குருந்தமும் இருக்கிறது. உருவாகும் விதம் பற்றிய பதிலில் சொன்ன மூன்றில் இரண்டு அங்கே தயார். மூன்றாவதான தண்ணீர் பின்னாளில் எங்கே புகுந்ததோ, அந்த விரிசல் ஓரங்களில், குருந்தத்தின் விளிம்பில், லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சுத்தியலோடு போகிறவர்கள் நிலத்துக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"காவிரி அந்தப் பக்கமாத்தானே வருது? அடிச்சுக்கிட்டு வந்து இங்க சேராதா?"

நல்ல யோசனை. பவானியில் ஒரு ஆறு, கரூர்ப் பக்கம் ஒரு ஆறு, நாமக்கல் பக்கத்துத் திருமணிமுத்தாறு என்று எல்லாம் காவிரியில்தான் கலக்கின்றன. முக்கொம்பு, கல்லணை தாண்டி நம் படித்துறைக்கு வரும் மணலில் அந்தப் பாறைகளின் பொடி இருக்கத்தான் செய்யும்.

ஆனால் மூன்று தடை இருக்கிறது. முதலாவது, அந்த வட்டாரத்துப் பாறைகளில் பெரும்பகுதி 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. அந்தச் சூட்டில் மார்கரைட் நிற்காது, ஆறும்போது கொஞ்சம் உண்டானால்தான் உண்டு. இரண்டாவது, பொட்டாசியம் நிறைந்த பாறைகள் ஏராளம் என்பதால் பயோடைட் மலைமலையாக இருக்கிறது, மார்கரைட் விரல்நகத்தளவு. மூன்றாவது, வளையும் ஏடு ஆற்றில் அடிபட்டாலும் தப்பும், ஒடியும் ஏடு உருண்டு உருண்டு பொடியாகிக் களியோடு கலந்து கடலுக்குப் போய்விடும். ஆக, படித்துறையில் நீங்கள் எடுக்கும் மினுமினுப்பு முதல் பதிலில் சொன்ன காக்காப்பொன்தான்.

"மைக்கா இருக்குற மண்ணுல பொட்டாஷ் இருக்குங்கறாங்க. இந்த மைக்காவுலயும் இருக்குமாம்மா?"

இதைக் கேட்டவர் பாபநாசம் பக்கத்து விவசாயி. காக்காப்பொன்னில் உண்டு, மார்கரைட்டில் இல்லை. மஸ்கோவைட்டில் கணக்குப்படி சுமார் 11.8 சதவீதம் பொட்டாசியம் ஆக்சைடு. பயோடைட்டிலும் நிறைய உண்டு, அது மஸ்கோவைட்டைவிடச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். மண்ணில் மெல்ல மெல்ல உரிந்து, விரிப்புகளுக்கு நடுவிலிருந்து பொட்டாசியம் கசிந்து வேருக்குப் போகும். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் நம் வயலுக்குத் தரும் சொத்துகளில் இதுவும் ஒன்று. மார்கரைட்டில் அந்த இடத்தில் கால்சியம் உட்கார்ந்திருக்கிறது என்று மூன்றாவது பதிலில் பார்த்தோம்.

ஆனால் வண்டலில் மின்னுகிறது என்பதற்காக உரத்தை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கசிவு ஒரு போகத்துக்குள் முடிகிற வேலை இல்லை. மண் பரிசோதனை அட்டை என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து இடுங்கள்.

"மேடம், ரொம்ப மின்னுற மணல் வீடு கட்ட ஆகாதுங்கறது நெசமா?"

நிஜம்தான், கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள். தகடு தகடாக இருப்பதால் மைக்கா கலந்த மணல் அதிகத் தண்ணீர் கேட்கும். அதன் வழுவழுப்பான முகத்தில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது, பூச்சு உரியும், பலம் குறையும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னினால் கவலையில்லை. கையில் அள்ளினால் உள்ளங்கையெல்லாம் ஜிகினா ஒட்டினமாதிரி இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

"சன்மைக்காவுல இருக்கறது எந்த மைக்கா?"

எந்த மைக்காவும் இல்லை. பிசினில் தோய்த்த காகிதத்தை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகை அது. இதே வகையில் முதலில் வந்த ஃபார்மிக்காவை 1912-இல் கண்டுபிடித்தது மின்சாரக் கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக வைப்பதற்குத்தான். ‘மைக்காவுக்காக’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் வைத்த பெயர்.

"அப்பிரகச் செந்தூரத்துக்கு இத எடுத்துக்கலாமா?"

கூடாது. மருந்துக்கு எடுப்பது பெரும்பாலும் கருமைக்கா. பழைய ரச சாஸ்திர மரபில் அப்பிரகத்தைத் தீயில் போட்டு நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஏடு ஏடாக விரிவது ஒன்று, தவளைபோல் கத்துவது ஒன்று, பாம்புபோல் சீறுவது ஒன்று. தீயில் போட்டாலும் மாறாமல் இருப்பதை வஜ்ராப்பிரகம் என்று சொல்லி, அதையே மருந்துக்கு ஏற்றார்கள். கல்லுக்குள் அடங்கிய தண்ணீர் சூட்டில் வெளியேறும் விதத்தை இவ்வளவு கூர்ந்து காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த வகைப்பாட்டில் கால்சியம் மைக்காவுக்கு இடமில்லை. கனிமத்தைப் பொடித்து வீட்டில் மருந்து செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். படித்த வைத்தியரிடம் போங்கள்.

"ஆனந்த குமாரசாமி பேர்ல ஒரு மைக்கா இருக்காமே, அது உண்மையா?"

சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒரு தம்பி கேட்டது. மெழுகு உருவத்தின் மேல் பூசக் காவிரி வண்டலைச் சலிக்கும்போது அதில் காக்காப்பொன் மின்னுவதைக் காட்டிப் பேச்சைத் தொடங்கினார், பேச்சு இங்கே வந்து நின்றது.

உண்மைதான். ஆனந்தைட் என்பது அதன் பெயர். இலங்கையின் வடமேற்கு மாகாணத்தில் விலகெதர என்ற இடத்தில் இரும்புத்தாதுப் படிவத்தில் கண்டெடுத்து, 1967-இல் புதிய கனிமம் என்று எழுதினார்கள். நொறுங்கும் மைக்காக் கூட்டத்தைச் சேர்ந்தது, கரிய நிறம். மார்கரைட்டில் கால்சியம் செய்யும் வேலையை இதில் பேரியம் செய்கிறது, அதற்கும் இரட்டைச் சுமை. மைக்காவில் அபூர்வமாகக் கந்தகமும் இதில் உண்டு.

ஆனந்த குமாரசாமியை நாம் கலை ஆராய்ச்சியாளராகத்தான் அறிவோம். சோழ மண்ணின் நடராஜர் வடிவத்துக்கு அவர் சொன்ன விளக்கம் உலகமெங்கும் போனது. ஆனால் அவர் படித்த படிப்பு நிலவியல். இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநராக இருந்தார். 1904-இல் தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தையும் கண்டார். கல்லைப் பார்த்த கண்தான் பிறகு வெண்கலத்தைப் பார்த்தது. சலித்துக்கொண்டிருந்த தம்பி இதைக் கேட்டுவிட்டு வண்டலை ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பழைய புத்தகத்துல குளோரிடாய்டையும் நொறுங்கும் மைக்கான்னு போட்டிருக்கே மேடம்?"

போட்டிருக்கும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பாடம் நடத்தினேன், பிறகு திருத்திக்கொண்டேன். குளோரிடாய்ட் பச்சையும் கறுப்பும் கலந்த தகடாக வரும், ஒடியும், மார்கரைட்டோடு ஒரே பாறையிலும் இருக்கும். பார்வைக்கு மைக்காதான். எக்ஸ்ரேயில் உள்ளமைப்பைப் பார்த்தபோது சிலிக்கான் நான்முகிகள் (ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் நிற்கும் கட்டுகள்) மைக்காவில் இருப்பதுபோல் விரிப்பாகக் கோத்துக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்பது தெரிந்தது. அதனால் வேறு வகுப்புக்குப் போய்விட்டது. கடினம் 6.5 என்பதால் கத்தியும் அதன் மேல் வழுக்கிவிடும். வீட்டுச் சோதனையில் இரண்டாவது படியான கீறலிலேயே பிடிபட்டுவிடும்.

இன்றைய விதி எளிது. மைக்கா அமைப்பு இருக்க வேண்டும், விரிப்புகளுக்கு நடுவே உள்ள அயனிகளில் பாதிக்கு மேல் இரட்டைச் சுமை உடையதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நொறுங்கும் மைக்கா. ஒடிகிறதா என்பது அடையாளம் மட்டும், இலக்கணம் இல்லை.

"கிளின்டோனைட்ல நாலு இடத்துல மூணு அலுமினியமாம். ரெண்டு அலுமினியம் பக்கத்துல பக்கத்துல உட்காராதுன்னு விதி இருக்கே?"

முதுகலை மாணவி கேட்டது. லோவன்ஸ்டீன் விதி என்பார்கள். அலுமினிய நான்முகியும் அலுமினிய நான்முகியும் அடுத்தடுத்து அமைவதைத் தவிர்க்கும் என்பது அதன் சாரம். மார்கரைட் அந்த விதியின் எல்லையில் நிற்கிறது. பாதிக்குப் பாதி என்பதால் அலுமினியம், சிலிக்கான் என்று மாறி மாறி அமர்ந்து சமாளித்துவிடுகிறது. கிளின்டோனைட்டில் மூன்றுக்கு ஒன்று. எப்படி அடுக்கினாலும் அலுமினியத்துக்குப் பக்கத்தில் அலுமினியம் வந்தே தீரும். ஆக விதி அங்கே மீறப்படுகிறது, கனிமமும் நிலைத்திருக்கிறது.

அது பிறக்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறையைத் தீக்குழம்பு தொட்டுச் சுடும் இடத்தில் பெரும்பாலும் உண்டாகிறது. சிலிக்காவுக்குக் கடும் பஞ்சம், சூடு அதிகம். இருக்கிற அலுமினியத்தை வைத்துத்தான் விரிப்பை நெய்தாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் அமிட்டி என்ற ஊரில் கிடைத்தது. ஈரி கால்வாயை வெட்டுவித்த ஆளுநர் டி விட் கிளின்டன் பெயரை வைத்தார்கள். வாய்க்கால் வெட்டியவர் பெயரில் ஒரு கல் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்.

"ஒரே துண்டுல பாதி வளையுது, பாதி ஒடியுது. என்னன்னு எழுதறது?"

இது வரும் என்று எதிர்பார்த்தேன். பொட்டாசியமும் கால்சியமும் அளவிலும் சுமையிலும் வேறுபட்டவை என்பதால் ஒரே படிகத்தில் அதிகம் கலக்காது. சோடியம் மட்டும் மார்கரைட்டுக்குள் ஓரளவு நுழையும். ஆகவே பாறையில் பொட்டாசியம், கால்சியம், சோடியம் மைக்கா மூன்றும் உண்டானால், கலந்துவிடாமல் தனித்தனி ஏடுகளாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும், சில சமயம் நுண்ணோக்கிக்கும் பிடிபடாத மெலிசில். அப்படிப்பட்ட துண்டு உங்கள் இடுக்கிக்கு இரண்டு பதிலும் சொல்லும்.

அந்த மாதிரித் துண்டில் கையால் செய்யும் சோதனையை நம்பாதீர்கள். விரிப்புகளுக்கு இடையேயுள்ள தூரத்தை எக்ஸ்ரேயால் அளக்கும் ஆய்வகச் சோதனையில் 10 ஆங்ஸ்ட்ராமிலும் 9.6-லும் தனித்தனியாக இரண்டு உச்சி எழுந்தால் இரண்டு கனிமம். அதுவரை சீட்டில் ‘மைக்கா, ஒரு பகுதி ஒடிகிறது’ என்று பென்சிலால் எழுதி, எடுத்த இடத்தையும் தேதியையும் போட்டு, ஓரத்தைத் தொடாமல் டப்பாவில் பஞ்சு வைத்து மூடுங்கள்.